இரண்டு வருஷ ஆட்டம், 22,000 ரூபாய் பேட்: திரும்பவும் மரப் பிளேடுக்கே போகலாமா?

வளவு_டிடி (பள்ளத்தூர்)
மார்ச் 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, வலது கை, ஷேக்ஹேண்ட் பிடி (கை குலுக்குவது போல் பேட்டைப் பிடிப்பது). டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பித்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. எங்கள் பெரிய வீட்டு இரண்டாம் கட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு டேபிள் கிடந்தது. பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்து, துடைத்து, வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) போட்டோம். அன்றிலிருந்து ஞாயிறு காலையும் வார நாளில் இரண்டு சாயங்காலமும் ஆட்டம்தான்.

முதல் எட்டு மாதம் உறையோடு விற்கிற ரெடிமேட் பேட். அப்புறம் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் என்ற மரப் பிளேடு (ரப்பர் ஒட்டாத பேட் பலகை), இரண்டு பக்கமும் யசாகா மார்க் ஃபைவ் ரப்பர், அதன் அடியில் 1.8 மி.மீ. ஸ்பாஞ்ச். அதில் ஒரு வருஷம் ஆடினேன். புஷ் (கீழ்ச்சுழலோடு மெல்லத் தள்ளுவது), பிளாக் (வேகமாக வரும் பந்தைத் தடுத்து அனுப்புவது), ஃபோர்ஹேண்ட் டிரைவ் எல்லாம் அதில் வந்தவைதான். போன தீபாவளிக்குப் போனஸ் வந்தது. ஒரு கார்பன் பிளேடு, இரண்டு பக்கமும் மேக்ஸ் தடிமனில் (இருப்பதிலேயே தடித்த ஸ்பாஞ்ச்) டென்ஷன் ரப்பர் (பந்தை வேகமாக எகிற வைக்கும் வகை) என்று வாங்கிவிட்டேன். மொத்தம் 22,000 ரூபாய்.

ஃபோர்ஹேண்ட் அடி விழுந்தால் எதிராளி நகரவே முடிவதில்லை. அது உண்மை. ஆனால் ஐந்து மாதமாக முன்பு ஜெயித்த ஆட்களிடம் தோற்கிறேன். போன மாதம் ஒரு நோட்டு போட்டு, இழந்த ஒவ்வொரு பாயிண்டும் எப்படிப் போனது என்று குறித்து வைத்தேன். ஆறு கேமில் 58 பாயிண்ட் இழந்திருக்கிறேன். அதில் 23 சர்வீஸ் எடுப்பதில். 14 பிளாக் செய்த பந்து டேபிளைத் தாண்டிப் போனதில். தேவகோட்டையில் லாங் பிம்பிள்ஸ் (நீளமான முள் மாதிரிப் புள்ளிகள் வெளியே நீட்டிய ரப்பர்) வைத்து ஆடும் 63 வயதுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் நாலு தடவை தோற்றுவிட்டேன்.

பழைய பிளேடுக்கே திரும்பலாமா, ரப்பரை மட்டும் மாற்றலாமா, இல்லை கை பழகும் வரை பொறுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


செக்காலை_லூப்பர் (காரைக்குடி)
மார்ச் 9, இரவு 11.05

நோட்டு போட்டீர்களே அண்ணே, அதற்கே முதலில் ஒரு வணக்கம். பாதிப் பேர் "ஃபார்ம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பதில் சொல்லும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பேட் முழுசாக எத்தனை கிராம்? ஷார்ட் சர்வீஸை எடுக்கும்போது பந்து உயரமாக எழும்பிப் போகிறதா, நீளமாகப் போகிறதா, நெட்டில் விழுகிறதா?


வளவு_டிடி
மார்ச் 10, மாலை 6.40

இன்று தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பார்த்தேன். புதுசு 191 கிராம். பழையது 173. பதினெட்டு கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் மணிக்கட்டுக்குக் கீழே இழுக்கிறது. பழைய பேட்டில் அந்த வலி இருந்ததில்லை.

சர்வீஸ் எடுக்கும்போது பெரும்பாலும் உயரமாக எழும்புகிறது. அடுத்த பந்தை அவர்கள் அடித்து முடித்துவிடுகிறார்கள்.


கோட்டையூர்_கார்பன்
மார்ச் 10, இரவு 9.15

அண்ணே, திரும்பிப் போகாதீர்கள். நான் 24 வயது, கல்லூரி டீமில் ஆடினவன். எனக்கும் கார்பன் மாறிய முதல் நாலு மாதம் இதேதான் நடந்தது.

ஒன்றை யோசியுங்கள். 2000-ல் பந்து 38 மி.மீ.லிருந்து 40 ஆனது. 2014-ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் வேகமும் சுழலும் குறைந்தன. 2008-ல் ரப்பருக்கு வேகம் கூட்டும் ஸ்பீடு க்ளூ பசையையும் தடை செய்துவிட்டார்கள். இன்றைக்கு ரப்பர் வேகமாக வருவது அந்த இழப்பை ஈடுகட்டத்தான். மார்க் ஃபைவ் நல்ல ரப்பர்தான், ஆனால் அது வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பின்வாங்கினால், இன்னும் ஒரு வருஷம் கழித்து மறுபடி கார்பனுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். ரிசீவ் (சர்வீஸ் எடுப்பது) வரவில்லை என்றால் ரிசீவைப் பழகுங்கள். பேட்டை ஏன் மாற்ற வேண்டும்?


செக்காலை_லூப்பர்
மார்ச் 10, இரவு 11.30

தம்பி சொன்ன சரித்திரம் சரி. அடிக்கடி மாற்றாதே என்பதும் சரி. ஆனால் அந்த வேகக் கணக்கு டேபிளிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று லூப்புக்கு லூப் (பந்தைக் கீழிருந்து மேலாக உரசி மேல்சுழலோடு அடிப்பது) போடுகிறவர்களுக்கு. அங்கே பந்து செத்துப் போகும், ரப்பர் உயிர் கொடுக்க வேண்டும். அண்ணன் பாயிண்ட் இழப்பது நெட்டுக்குப் பக்கத்தில்.

டேபிள் மொத்த நீளம் 2.74 மீட்டர். நெட்டுக்கு அந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது 137 செ.மீ. நெட் உயரம் 15.25 செ.மீ. ஷார்ட் சர்வீஸை எடுக்கும்போது பந்து அந்த 15 செ.மீ.யை ஒட்டித் தாண்டி, அந்த 137 செ.மீ.க்குள், முடிந்தால் இரண்டு தடவை குதிக்கும்படி விழ வேண்டும். இதற்குத் தேவை மெல்லத் தொடுகிற ரப்பர். மேக்ஸ் தடிமன் டென்ஷன் ஸ்பாஞ்ச் உண்டிவில் மாதிரி. நீங்கள் மெதுவாகத் தொட்டாலும் பந்து உள்ளே அமுங்கி, தானே எகிறும். போதாததற்கு மேல் ரப்பர் நல்ல பிடிப்பு உள்ளது. எதிராளி போட்ட சுழல் அத்தனையையும் அது வாங்கிக்கொள்ளும். பேட்டின் கோணம் விரல்கனம் தப்பினாலும் பந்து எங்கோ போகும். மார்க் ஃபைவில் அதே தப்பு நடந்தாலும் பந்து டேபிளில்தான் விழும்.

இன்னொன்று. கார்பன் பிளேடு என்றால் முழுக்கக் கார்பன் என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி பிளேடின் தடிமனில் 85 சதவீதம் மரமாக இருக்க வேண்டும், நார் அடுக்கு ஒன்று 0.35 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. காகிதம் மாதிரி ஒரு அடுக்குதான். ஆனால் அது பந்து கையில் "உட்காரும்" உணர்வைக் குறைத்துவிடும். ஐந்தடுக்கு மரப் பிளேடில் பந்து பட்டதும் கைப்பிடி வரை ஒரு சின்ன அதிர்வு வரும். சரியாகப் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதை அந்த அதிர்வுதான் கைக்குச் சொல்லித் தருகிறது. இரண்டு வருஷ ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய கோச் கிடையாது.

என் யோசனை: பழைய பிளேடை எடுங்கள். பேக்ஹேண்டில் மார்க் ஃபைவ் 1.8 புதுசாக ஒட்டுங்கள். ஃபோர்ஹேண்டில் அதையே 2.0 போடுங்கள். கார்பனை விற்க வேண்டாம், பீரோவில் இருக்கட்டும். ஒரு வருஷம் எதையும் தொடாதீர்கள்.


ஆத்தங்குடி_அக்கா
மார்ச் 11, காலை 7.50

நான் ஆடுகிறவள் இல்லை. என் மகள் 11 வயது, ஒன்றரை வருஷமாக ஆடுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் அண்ணன் வளவில் ஆடுகிறேன் என்கிறார். தரை எங்கள் ஊர்க் கல்லாக இருந்தால் கவனம். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க மெருகு ஏறும், அதன் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கமும் பல வீடுகளில் உண்டு. பார்க்க அழகு, பக்கவாட்டில் தாவிக் காலை ஊன்றினால் வழுக்கும். என் மகள் ஒரு தடவை அப்படி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் காலை நகர்த்தவே பயந்து, கையை மட்டும் நீட்டி ஆட ஆரம்பித்தாள். அந்தப் பயம் போக மூன்று மாதம் ஆனது. அண்ணனுக்கும் கால் நகராமல் இருப்பதால் பந்து தவறுகிறதோ என்று பாருங்கள். பிடிப்பான ரப்பர் அடி உள்ள ஷூவும், டேபிள் ஓரத்தில் ஈரத் துணி ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். அடியை அந்தத் துணியில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டால் பிடிப்பு வந்துவிடும்.

என் கேள்வியும் ஒன்று: மகளுக்கு ரெடிமேட் பேட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்கிறார்கள். 175 கிராம் பேட் அவளுக்குக் கனமா?


செக்காலை_லூப்பர்
மார்ச் 11, மதியம் 1.10

கனம்தான் அக்கா. 160-ஐத் தாண்ட விடாதீர்கள். லேசான ஐந்தடுக்குப் பிளேடு, இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. போதும். கைப்பிடி அவள் விரல்கள் சுற்றி வருகிற அளவுக்கு மெல்லியதா என்று பார்த்து வாங்குங்கள். வேகத்தை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள்.

தரை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குத் தோன்றவே இல்லை.


தேவகோட்டை_பிம்பிள்ஸ்
மார்ச் 11, இரவு 8.30

தம்பி, அந்த 63 வயது ஆள் நான்தான்.

பேட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். என்னிடம் எப்படித் தோற்கிறீர்கள் என்பதை நானே சொல்கிறேன், எனக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நல்ல எதிராளி கிடைத்தால்தான் என் ஆட்டமும் வளரும்.

என் பேக்ஹேண்டில் ஸ்பாஞ்ச் இல்லாத லாங் பிம்பிள்ஸ். அதற்குச் சொந்தமாகச் சுழல் போடத் தெரியாது. நீங்கள் போட்டதை அப்படியே விட்டுவிடும், அதனால் உங்களுக்கு அது தலைகீழாக வரும். நீங்கள் டாப்ஸ்பின் (மேல்சுழல்) அடித்தால், நான் வெறுமனே பிளாக் செய்தாலே அது உங்களுக்குக் கீழ்ச்சுழலோடு வருகிறது. உங்கள் முதல் டாப்ஸ்பின் அருமை. இரண்டாவது பந்தையும் அதே கோணத்தில் அடிக்கிறீர்கள், நெட்டில் விழுகிறது. மூன்று கேமில் இதே மாதிரி பத்துக்கு மேல் எண்ணினேன். முதல் அடிக்கு அப்புறம் ஒரு பந்தை புஷ் செய்யுங்கள். அந்த புஷ்ஷை நான் பிம்பிள்ஸில் தள்ளினால் உங்களுக்குச் சுழலே இல்லாமல், இல்லையென்றால் லேசான மேல்சுழலோடு மிதந்து வரும். அதுதான் நீங்கள் அடிக்க வேண்டிய பந்து. அது வந்த நேரத்தில் நீங்கள் பேட்டைத் திறந்து மறுபடி புஷ் செய்கிறீர்கள், பந்து எகிறுகிறது, நான் ஃபோர்ஹேண்டில் முடிக்கிறேன்.

அப்புறம், நடு ஆட்டத்தில் நான் பேட்டைத் திருப்புவதை நீங்கள் பார்ப்பதே இல்லை. கறுப்புப் பக்கம் பிம்பிள்ஸ், சிவப்புப் பக்கம் சாதாரண ரப்பர். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறம் போடலாம், எதிராளிக்கு எதில் பட்டது என்றே தெரியாது. 1980-களில்தான் இரண்டு நிறம் கட்டாயமானது. இப்போது 2021-லிருந்து சிவப்புக்குப் பதில் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா எதுவும் போடலாம், மறுபக்கம் மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும். இந்த விதி முழுக்க உங்களுக்காகத்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பு எதிராளி பேட்டைக் கையில் வாங்கிப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நாலு தடவையில் ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை. இந்திய வீராங்கனை மணிகா பத்ரா பேக்ஹேண்டில் இதே லாங் பிம்பிள்ஸ் வைத்துக்கொண்டு 2018 காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பேட்டைத் திருப்பித் திருப்பி அவர் ஆடுவதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

உங்கள் சர்வீஸிலும் ஒரு குறை. பந்தை உள்ளங்கையிலிருந்து தூக்கிப் போடாமலே அடிக்கிறீர்கள். 16 செ.மீ. எழும்ப வேண்டும். நெட் உயரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பந்து நன்றாக மேலே போய் இறங்கினால் சுழலைச் சேர்ப்பதும் சுலபம்.


வளவு_டிடி
மார்ச் 11, இரவு 9.45

ஐயா, நீங்களே வந்து இவ்வளவு சொன்னதில் எனக்குப் பேச்சே வரவில்லை. மிக்க நன்றி. நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. உங்கள் புஷ் ஏன் என் பேட்டில் பட்டதும் எகிறுகிறது என்று என் ரப்பரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

லூப்பர் சொன்னபடி செய்கிறேன். ஆத்தங்குடி அக்கா சொன்ன ஈரத் துணி இன்றே வைத்துவிட்டேன்.


கோட்டையூர்_கார்பன்
மார்ச் 12, காலை 8.20

பிம்பிள்ஸ் ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அண்ணனுடைய 58 பாயிண்டில் பெரும்பாலானவை பேட்டால் மட்டும் போனவை இல்லை, சுழலைப் படிக்காததால் போனவை. வேகமான பேட் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் ஃபோர்ஹேண்டில் வந்த அந்த அடியை விட்டுவிடாதீர்கள் அண்ணே. மரப் பிளேடிலும் இடுப்பைத் திருப்பி அடித்தால் அது வரும்.

ஞாயிறு நான் வேண்டுமானால் வருகிறேன். ஒரு கூடை பந்து என்னிடம் இருக்கிறது. மல்டிபால், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் பந்து, போட்டுத் தருகிறேன். ஷார்ட், லாங், கீழ்ச்சுழல், சுழல் இல்லாதது எல்லாம் கலந்து.


செக்காலை_லூப்பர்
மார்ச் 12, காலை 9.00

தம்பி, இதைவிட நல்ல சேதி இந்த இழையில் இல்லை. அண்ணே, மல்டிபாலில் பந்தைப் பார்க்காதீர்கள். தம்பியின் பேட் பந்தை எங்கே தொடுகிறது என்பதை மட்டும் பாருங்கள். அடியில் உரசினால் கீழ்ச்சுழல், நடுவில் தள்ளினால் சுழல் இல்லை. வாயால் "கீழே", "சும்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அப்புறம் தொடுங்கள். நான் கற்றுக்கொண்டது இப்படித்தான்.


வளவு_டிடி
மே 18, இரவு 9.10

இரண்டு மாதக் கணக்கு.

ஏப்ரல் முதல் வாரம் மார்க் ஃபைவ் வந்தது. பேக்ஹேண்ட் 1.8, ஃபோர்ஹேண்ட் 2.0. நீர்ப்பசை இரண்டு கோட் தடவி, பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும் வரை காத்திருந்து நானே ஒட்டினேன். தராசில் 175 கிராம். மணிக்கட்டு வலி இல்லை.

நடுவில் ஒரு தப்பு நடந்தது, மற்றவர்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். சித்திரை வெயிலில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வேலையாகப் போனேன். பேட் வண்டிப் பெட்டிக்குள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் ஃபோர்ஹேண்ட் ரப்பர் கைப்பிடிப் பக்கம் கிளம்பி, நடுவில் ஒரு கொப்புளம். உரித்து, பழைய பசையை விரலால் உருட்டி எடுத்து, மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. ஓரம் இரண்டு மி.மீ. சுருங்கிவிட்டது. இப்போது பேட் என்னோடுதான் வருகிறது, சாப்பாட்டுப் பையில்.

கோட்டையூர்த் தம்பி ஏழு ஞாயிறு வந்தார். "கீழே", "சும்மா" என்று நான் கத்துவதைக் கேட்டு எங்கள் அப்பத்தா முதல் நாள் என்னவோ ஏதோ என்று கட்டு தாண்டி ஓடிவந்துவிட்டார். இப்போது வளவுத் தூண் ஓரம் உட்கார்ந்து, தம்பி பந்தைத் தொட்டதும் எனக்கு முன்னால் அவர் சொல்கிறார். பாதிக்கு மேல் சரியாகவே சொல்கிறார்.

நோட்டு: ஆறு கேம், இழந்தது 49. ரிசீவில் 11, பிளாக்கில் 6. மற்றவை பெரும்பாலும் ஃபோர்ஹேண்டை அவசரப்பட்டு அடித்தது.


தேவகோட்டை_பிம்பிள்ஸ்
மே 19, காலை 6.15

23-லிருந்து 11. இரண்டு மாதத்தில் இது பெரிய விஷயம் தம்பி. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்திய வீரர் ஷரத் கமல் 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பதினாறு வருஷம் கழித்து 2022-ல் பர்மிங்ஹாமில், 40 வயதில், மறுபடி அதே ஒற்றையர் தங்கம். அன்று நான் டிவி முன்னால் எழுந்து நின்றுதான் பார்த்தேன்.


ஆத்தங்குடி_அக்கா
ஜூலை 27, மாலை 5.30

மகளுக்கு 158 கிராமில் பேட் அமைந்துவிட்டது, லூப்பர் தம்பிக்கு நன்றி. ஒரு சந்தேகம்: ஊரில் பார்த்த ஒருவர் ஒட்டுகிற மாதிரி பிசுபிசுப்பான சீன ரப்பர்தான் சுழலுக்கு நல்லது என்கிறார். வாங்கலாமா?


செக்காலை_லூப்பர்
ஜூலை 27, இரவு 10.00

இப்போதைக்கு வேண்டாம் அக்கா. ஹரிகேன் 3 மாதிரி ரப்பர்கள் அருமையானவை, ஆனால் கை முழுசாகச் சுற்றி அடிக்கிறவர்களுக்கு. பந்தைத் தானாகத் தள்ளிவிடாது, எல்லா வேகமும் உடம்பிலிருந்து வர வேண்டும். 11 வயதுத் தோளுக்குப் பாரம். நம் பக்கத்துச் செம்மண் தூசி வேறு. ஒரு கேம் முடிந்து பார்த்தால் ரப்பர் மேல் பழுப்பாக ஒரு படலம் இருக்கும், உள்ளங்கையால் துடைத்தாலும் போகாது. ஈர ஸ்பாஞ்ச் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எந்த ரப்பரானாலும் ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள்.


வளவு_டிடி
ஆகஸ்ட் 10, இரவு 9.30

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 2.7 கிராம் பந்து எம்மாத்திரம். வளவு மேலே திறந்தவெளி, சர்வீஸ் போட்டால் பந்து தூணுக்குப் போகிறது. அதனால் டேபிளை முன்னால் கல்யாணக் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். தரை அங்கே பழைய சிமெண்டு, வழுக்கவில்லை. காலை நன்றாக ஊன்ற முடிகிறது.

இன்று தேவகோட்டை போய்வந்தேன். ஐயாவிடம் 2-3. ஐந்தாவது கேம் 9-11. தோல்விதான், ஆனால் இந்தத் தடவை 9-9-ல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஐயா பேட்டைத் திருப்பினார், சிவப்பைப் பார்த்தேன், பந்து கீழ்ச்சுழலோடு வரும் என்று புரிந்தது, முழங்காலை மடக்கி லூப் எடுத்தேன். டேபிள் ஓரத்தை ஒரு விரல் தாண்டிப் போனது. அது படிக்காமல் இழந்த பாயிண்ட் இல்லை.

கார்பன் பேட் பீரோவில்தான் இருக்கிறது. தம்பி கேட்டார், வருஷம் முடியட்டும் என்று சொன்னேன்.

ஐயா, அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன். மூன்று புதுப் பந்து கொண்டுவருகிறேன்.


தேவகோட்டை_பிம்பிள்ஸ்
ஆகஸ்ட் 10, இரவு 9.55

வாருங்கள் தம்பி. என் சிவப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது, இந்த வாரம் கழற்றிவிட்டு நீலம் ஒட்டப்போகிறேன். ஆடுவதற்கு முன்னால் பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.